மொய் நோட்டில் எழுதாத பக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஆங்கிலேயர் ஆட்சியால் இந்தியா பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா?' என்பது தலைப்பு. நான் 'இழந்ததே' அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா ஒரு பட்டியல் வாசித்துவிட்டு அமர்ந்திருக்கிறார். ரயில் கொடுத்தான், சட்டம் கொடுத்தான், பள்ளிக்கூடம் கொடுத்தான், தொழில் கற்றுக்கொடுத்தான். 'கொடுத்தான்' என்று எத்தனை முறை சொல்கிறார் என எண்ணிக்கொண்டே வந்தேன். 11 வரை எண்ணினேன். கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட இவ்வளவு வரவு இருக்காது! ஆனால் மொய் நோட்டில் பெயருக்கு நேரே தொகையும் இருக்கும் அல்லவா? ஐயா வாசிக்காமல் விட்ட அந்தப் பக்கத்தைத்தான் நான் புரட்டப் போகிறேன்.

முதலில் ரயில். 1853-ல் பம்பாயிலிருந்து தாணே, 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு. ஓடியது, மறுக்கவில்லை. யார் பணத்தில் ஓடியது? லண்டனில் பங்கு போட்ட முதலாளிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு வாக்குறுதி கொடுத்தது. ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி உறுதி. ரயிலில் அவ்வளவு வருமானம் வராவிட்டால் குறையும் தொகையை இந்திய வரிப்பணத்திலிருந்து கட்டிவிடுவோம் என்றது. லாபம் வந்தால் முதலாளிக்கு, நட்டம் வந்தால் குடியானவனுக்கு. எவ்வளவு செலவழித்தாலும் வட்டி வந்துவிடும் என்றால் எந்தக் கம்பெனி சிக்கனமாகப் பாதை போடும்? தண்டவாளமும் எஞ்சினும் வந்தது இங்கிலாந்துப் பட்டறைகளிலிருந்து. ஆக, நாம் கட்டிய வரி அங்கே போய், அங்கே சம்பளமாகி, அங்கேயே வட்டியாகவும் ஆனது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தான் என்பார்கள். இங்கே உடைத்த தேங்காய் மூடியையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. 1858-ல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சியை ராணி எடுத்துக்கொண்டார். ஆனால் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு பத்தரை சதவீதம் டிவிடெண்ட் 1874 வரை போய்க்கொண்டே இருந்தது. எந்தக் கணக்கிலிருந்து? இந்திய வருவாயிலிருந்து. நம்மை ஆண்ட கம்பெனி கைமாறிய செலவும் நம் தலையில்! வீட்டை விற்கிறவர் செலவு கொடுப்பார், வாங்குகிறவர் செலவு கொடுப்பார். அந்தச் செலவை விற்கப்பட்ட வீட்டின் தலையிலேயே கட்டிய கதை இது ஒன்றுதான்.

சரி, காசை விடுங்கள். ரயில் வந்ததால் பஞ்சம் ஒழிந்தது என்றும் ஐயா சொன்னார். அதற்குத்தான் நான் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தட்டைச் சுற்றிச் சோறு சிந்தினால் பாட்டி, "தாது வருசத்துல பொறந்திருந்தா தெரியும்" என்பார். அவரும் அந்த வருடத்தைப் பார்த்தவர் இல்லை. அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டது. நூறு ஆண்டு தாண்டியும் ஒரு வருடத்தின் பெயர் சமையலறையில் உயிரோடு இருந்தது என்றால் அது எப்படிப்பட்ட வருடமாக இருந்திருக்கும்?

அந்தத் தாது வருடம்தான் 1876. அப்போது மழை பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம் என்று சென்னை மாகாணமே காய்ந்தது. மழை பொய்த்ததற்கு வெள்ளைக்காரன் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், எதிரணி கவலைப்பட வேண்டாம். மழை பொய்த்த பிறகு நடந்ததைப் பாருங்கள். அப்போது சென்னைக்கும் பம்பாய்க்கும் ரயில் இணைப்பு வந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை போய்க்கொண்டுதான் இருந்தது. விலையில் அரசு தலையிடக் கூடாது, சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. ரயில் தானியத்தைக் கொண்டுவரும், மறுக்கவில்லை. ஆனால் விலை எங்கே கூடுதலோ அங்கேதான் கொண்டுபோகும். பசித்தவன் கையில் காசு இருக்கிறதா என்று எஞ்சினுக்குத் தெரியுமா?

1877 ஜனவரி 1-ஆம் தேதி, டில்லியில் தர்பார். விக்டோரியா மகாராணி இந்தியாவின் பேரரசி என்று அறிவிப்பு. அங்கே விருந்து, இங்கே பட்டினி.

அப்புறம் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்று ஒருவர் சென்னைக்கு வந்தார். அவர் கதையைக் கேளுங்கள். மூன்று ஆண்டுக்கு முன்னால் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே மனிதர் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். அதற்கு அவருக்குப் பாராட்டா கிடைத்தது? அளவுக்கு மீறிச் செலவு செய்துவிட்டார் என்று திட்டு கிடைத்தது. பாடம் படித்துக்கொண்டார் மனிதர். சென்னைக்கு வந்ததும் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாக் காசும் போதும் என்று உத்தரவு போட்டார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுவதும் மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு அது எத்தனை வேளைக்கு வரும்? சென்னையில் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற டாக்டர், இது உயிர் தங்கப் போதாது என்று எழுதி எழுதிப் போராடினார். அவரும் ஆங்கிலேயர்தான். அதனால்தான் சொல்கிறேன், இது நல்ல வெள்ளைக்காரன், கெட்ட வெள்ளைக்காரன் என்கிற வழக்கு இல்லை. பீகாரில் உயிரைக் காத்தவரைத் திட்டி, சென்னையில் கூலியைக் குறைக்க அனுப்பிய அமைப்பின் மேல் உள்ள வழக்கு.

பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டியதுதான். அது அன்றைய கவர்னரின் பெயர். வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

அடுத்தது சட்டம். 'சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதை அவன்தான் கொண்டுவந்தான்' என்றார் ஐயா. கைதட்டலும் வாங்கினார். 1871-ல் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்று போட்டார்களே, அதை ஏன் விட்டுவிட்டார்? இன்ன சாதியில் பிறந்தாயா, நீ குற்றவாளி. என்ன செய்தாய் என்ற கேள்வியே கிடையாது. மதுரைப் பக்கம் இதைக் கைரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு. ஒரு பெண் உட்பட 16 பேர் போனார்கள். சமம்தான் ஐயா. குண்டு ஆண் பெண் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். ஊருக்குள்ளே நுழைய விடாத பிள்ளைகளுக்குச் சில மிஷனரிப் பள்ளிகள் கதவைத் திறந்தன. அதை மறுத்தால் நான் பொய் பேசுகிறவன் ஆவேன், நம் ஊர்ப் பெரியமனிதர்கள் வெட்கப்பட வேண்டிய இடம் அது. ஆனால் அரசு? விடுதலைக்குப் பிறகு 1951-ல் எடுத்த கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். அவ்வளவு காலம் ஆண்ட பிறகு விட்டுப்போன மதிப்பெண் 18. எந்தப் பள்ளியில் இதற்குப் பாஸ் போடுவார்கள்?

கடைசியாக, 'தொழில் நடத்தக் கற்றுக்கொடுத்தான்' என்றார். தூத்துக்குடிக்கு வாருங்கள். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குகிறார். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்த மூலதனம் 10 லட்சம் என்று திட்டம். பக்கத்தில் இருக்கும் கொழும்புக்குக் கப்பல் விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அந்தத் தடம் அதுவரை வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில். ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்து, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கி ஓட்டியும் காட்டினார். வியாபாரி சரக்கு ஏற்றினான், ஜனங்கள் ஏறினார்கள்.

போட்டிக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. இவரும் குறைத்தார். அது இன்னும் குறைத்தது. கடைசியில், காசே வேண்டாம், சும்மா வந்து ஏறுங்கள் என்றது. ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இலவசம்! இலவசம் கொடுத்து ஆளைப் பிடிப்பதை நம் அரசியல்வாதிகள் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். பாவம், அவர்களுக்கு முன்னாலேயே ஆள் இருந்திருக்கிறது.

அப்படியும் ஜனங்கள் சுதேசிக் கப்பலை முழுக்கக் கைவிடவில்லை. பிறகுதான் சர்க்கார் வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். ஜூலையில் தீர்ப்பு. இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு. அப்பீலில் பிறகு குறைந்தது என்பது வேறு. கோயம்புத்தூர் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். வக்கீலாக நின்று வாதாடியவர், கப்பல் முதலாளி, செக்கு மாட்டின் இடத்தில். 1911-ல் கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் செய்ய உரிமம் தரும் சன்னதும் இல்லை. சென்னைக்கு வந்து பிழைப்புக்குக் கடை வைத்தார்.

மணி அடிக்கிறார்கள். நடுவர் அவர்களே, ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எதிரணி ஐயாவின் 'கொடுத்தான்' பட்டியல் 11-ல் நிற்கிறது. 12-வதாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: குடை. நன்றி, வணக்கம்.