'வாஸ்' என்றேன், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள்

வணக்கம். நைட் ஷிப்ட் முடித்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். குரலில் தூக்கம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே பேசிவிட வேண்டும் என்று தோன்றியது, அதனால் உடுப்பு மாற்றியதும் கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிற தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அவங்க பேசறது புரியுமா?" புரியும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம்மில் எல்லோருக்கும் கால் இடறும். ரொம்ப நாளாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றை எப்படிச் சொல்வது என்கிற இடம் அது. வலி எத்தனை நாளாக, சர்க்கரை எத்தனை வருஷமாக, இந்த மாத்திரை எப்போதிலிருந்து? வார்டில் பாதிப் பேச்சு இதுதானே.

நான் வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஹேண்ட்ஓவர் கொடுக்கிறேன், அதாவது அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்களிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிறேன். ஒரு பாட்டிக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. அவர் மூன்று வருஷமாக வார்ஃபரின் சாப்பிடுகிறார், அதாவது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. நான் சொன்னது: "ஷி வாஸ் ஆன் வார்ஃபரின் ஃபார் த்ரீ இயர்ஸ்." மூன்று வருஷம் என்றதும் அது பழைய கதை என்று மனசு நினைத்துக்கொண்டது, வாயில் 'வாஸ்' வந்துவிட்டது. உடனே சிஸ்டர் கேட்டார், "எப்போது நிறுத்தினார்கள்?" எனக்குக் கேள்வியே புரியவில்லை. நிறுத்தவே இல்லையே! அப்புறம் மருந்துகளைக் குறித்து வைக்கும் டிரக் சார்ட்டை எடுத்துப் பார்த்துச் சரிசெய்தோம். பார்க்காமல் விட்டிருந்தால்? கத்தி வைக்கப்போகிற உடம்பு. அன்றைக்கு முழுக்க எனக்குக் கை நடுங்கியது.

அன்று இரவே உட்கார்ந்து யோசித்தேன். தமிழில் 'மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறார்' என்கிறோம். அந்த 'ஆக' என்கிற சின்ன ஒட்டு மொத்தக் கனத்தையும் தூக்கிக்கொள்கிறது. வினைச்சொல் நிகழ்காலத்திலேயே நிற்கலாம். ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும்கூட நம்மைப் போல நிகழ்காலத்தில்தான் இதைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கனத்தை வினைச்சொல்தான் சுமக்க வேண்டும். 'ஷி இஸ் டேக்கிங்' என்றால் இப்போது சாப்பிடுகிறார், அவ்வளவுதான். 'ஷி டுக்' என்றால் முடிந்துபோனது. அன்று தொடங்கி இந்த நிமிஷம் வரை ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல 'ஷி ஹேஸ் பீன் டேக்கிங்' வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டியது, "ஷி ஹேஸ் பீன் ஆன் வார்ஃபரின் ஃபார் த்ரீ இயர்ஸ்." அந்த 'ஹேஸ் பீன்' இருந்தால் மாத்திரை ஓடுகிறது. 'வாஸ்' வந்தால் நின்றுவிட்டது.

காதில் விழுவது இன்னொரு சிக்கல். வேகமாகப் பேசும்போது 'ஐ ஹேவ் பீன்' என்பது 'ஐவ் பின்' என்று சுருங்கிவிடும். அந்த 'வ்' கிட்டத்தட்டக் காணாமலே போகும். 'ஐவ் பின்' என்று கேட்டால் பெரும்பாலும் விஷயம் இன்னும் தொடர்கிறது, சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள்.

ஃபார், சின்ஸ் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்று நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் பாருங்கள், வித்தியாசம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'மூன்று நாளாக' என்று சொல்லும் இடத்தில் ஃபார். 'செவ்வாய்க்கிழமையிலிருந்து' என்று சொல்லும் இடத்தில் சின்ஸ். முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஆக' வருகிறதா, 'இருந்து' வருகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்து, "ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு மாதம் ஆகிறது என்கிற நினைப்பில் "டூ மந்த்ஸ்" என்றேன். "அதற்குள் கிளம்பிவிடுவீர்களா?" என்று வருத்தப்பட்டார். 'ஆர் யூ' என்றால் மொத்தம் எத்தனை நாள் இருக்கப்போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். வந்து எத்தனை நாள் ஆகிறது என்பதற்கு, "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?"

சரி, நோயாளிகள் வாயில் வருவதற்கு வருவோம். அவர்கள் பாடப்புத்தகம்போல் பேச மாட்டார்கள். "டாங்கீஸ் இயர்ஸ்" என்பார் ஒரு தாத்தா. கழுதையின் காது நீளம், காதுக்கு 'இயர்ஸ்', வருஷத்துக்கும் 'இயர்ஸ்', அந்த ஒலியை வைத்து வந்த பேச்சு. நாம் காலங்காலமாக என்கிற மாதிரி. "ஆன் அண்ட் ஆஃப்" என்றால் விட்டு விட்டு வருகிறது. "கோயிங் ஆன் ஃபைவ் இயர்ஸ்" என்றால் ஐந்து வருஷம் ஆகப்போகிறது, இன்னும் ஆகவில்லை. "தி பெஸ்ட் பார்ட் ஆஃப் எ இயர்" என்று கேட்டு, நல்ல காலமாக இருந்தது போலிருக்கிறது என்று நான் சிரித்து வைத்தேன். அந்த அம்மா முதுகுவலியில் கிட்டத்தட்ட ஒரு வருஷமாகத் துடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

'க்ரானிக்' என்கிற சொல்லில் மட்டும் ரொம்பக் கவனம். மருத்துவத்தில் அது நாள்பட்டது. வலி என்றால் 3 மாதத்துக்கு மேல் நீடிப்பது. ஆனால் இங்கே சாதாரண மக்கள் 'க்ரானிக்' என்றால் பல நேரம் தாங்க முடியாத அளவு மோசம் என்றுதான் அர்த்தம். நேற்று தொடங்கிய வலியைக்கூட அப்படிச் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு அப்படியே குறிப்பில் எழுதிவிடாதீர்கள். எப்போதிலிருந்து என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நேற்று ராத்திரி இரண்டு பெரியவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். தூக்கம் வரவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "வீவ் பீன் மேரிட் ஐம்பது வருஷம்" என்றார். காலையில் பார்வையாளர் நேரத்துக்கு அவர் மனைவி வருவார் என்று நான் யாரையும் கேட்கத் தேவையில்லை. இன்னொருவர், "வி வேர் மேரிட் ஐம்பத்திரண்டு வருஷம்" என்றார். 'வேர்' என்கிற அந்த ஒரு சொல் என் காதில் விழுந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில் என்றால் "ஓ, நைஸ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். நேற்று ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு போய், அவர் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.