வுட்ஸ்டாக்ல வாடகைய ஏத்துனது காஃபி கடையா?

[திரையில்: ஆல்பர்ட் ரோடு, ஓல்ட் பிஸ்கட் மில்]

வணக்கம் மக்களே. கேப் டவுன்ல இருக்கோம், டர்பன்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா சனிக்கிழமை எங்க கூட்டிட்டு போவோம்? இங்கதான், வுட்ஸ்டாக் ஏரியால இருக்குற ஓல்ட் பிஸ்கட் மில்லுக்கு. ஒரு காலத்துல பிஸ்கட் ஃபேக்டரி, 2006ல சனிக்கிழமை மார்க்கெட் வந்துச்சு, 2010ல டெஸ்ட் கிச்சன்னு ஒரு ரெஸ்டாரன்ட் திறந்து உலகத்தோட சிறந்த ரெஸ்டாரன்ட் லிஸ்ட்ல எல்லாம் இடம்பிடிச்சு 2021ல மூடியும் போச்சு.

இப்ப கேமராவ மில்லுக்குப் பின்னாடி திருப்புறேன். ப்ராம்வெல் ஸ்ட்ரீட். சின்னச் சின்ன வீடுங்க, தலைமுறையா வாடகைக்கு இருந்த குடும்பங்க. 2013ல ஒரு கம்பெனி இதையெல்லாம் வாங்குது, 2016ல காலி பண்ணச் சொல்லி கோர்ட் ஆர்டர்.

அப்ப வாடகை ஏறுனது எல்லாம் காஃபி கடை, ரெஸ்டாரன்ட்டால வந்த வினையா? எனக்கு அப்படித் தோணல. ரெஸ்டாரன்ட் அந்த நிலத்துக்கு ஓடுன விளம்பரம், அவ்ளோதான். பணம் வேற வழியா வந்துச்சு. நகரத்தோட சில பகுதிய அரசாங்கம் குறிச்சு வச்சு, அங்க பழைய கட்டடத்த புதுப்பிச்சா செலவ வருமான வரில கழிச்சுக்கலாம்னு சலுகை குடுத்துச்சு, வுட்ஸ்டாக்கும் அதுல உண்டு. இன்னொன்னு ரேட்ஸ் பில், அதாவது மாநகராட்சிக்குக் கட்டுற சொத்து வரி. இங்க ரேட்ஸ் போடுறது சொத்தோட மார்க்கெட் மதிப்ப வச்சு, அதனால பக்கத்துத் தெருவுல நாலு வீடு பெரிய விலைக்குப் போனா உங்க வீட்டு மதிப்பும் கூடும், நீங்க ஒரு செங்கல்லக்கூட மாத்தலைன்னாலும் பில்லு ஏறும், ஓனர் அத அப்படியே வாடகைல ஏத்துவாரு. பென்ஷன்ல ஓடுற பாட்டி சொந்த வீட்லயே திணறுவாங்க.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, பக்கத்துல இருக்குற டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்ங்கிற ஏரியாவ 1966ல நிறவெறி அரசாங்கம் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு அறிவிச்சு 60,000 பேருக்கு மேல வெளியேத்துனாங்க. வுட்ஸ்டாக் பெரும்பாலும் தப்பிச்சுது, எல்லா நிறத்து ஆளுங்களும் கலந்தே இருந்தாங்க. அப்ப தப்பிச்சவங்க இப்ப வாடகைல மாட்டிக்கிட்டாங்க. டர்பன்ல நம்ம இந்தியக் குடும்பங்கள கேட்டோ மேனர்ல இருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கிப் போட்ட கதைய வீட்ல கேட்டு வளந்த நமக்கு இத விளக்கணுமா என்ன.

ப்ராம்வெல் ஆளுங்க விடல. மாநகராட்சி ஊருக்கு வெளிய எங்கயோ வோல்வரிவியர்ல இடம் தர்றேன்னு சொல்லுச்சு, அங்க போனா வேலைக்கும் ஸ்கூலுக்கும் எப்படி வர்றது? கேஸ் மேல மேல போயி 2024 டிசம்பர்ல அரசியலமைப்பு நீதிமன்றம் அவங்க பக்கம் சொல்லிருச்சு: வுட்ஸ்டாக், பக்கத்து ஏரியாவான சால்ட் ரிவர், இல்லாட்டி நகர மையம், இதுல ஏதாவது ஒரு இடத்துலயே 6 மாசத்துக்குள்ள தற்காலிக இடம் குடுக்கணும்னு. தற்காலிக இடம், கவனிங்க. அந்தப் பழைய வீடு அவங்களுக்கேன்னு தீர்ப்புல எங்கயும் இல்ல.