கவசம் சிமெண்ட் போலத் தெரிகிறதா?

சரி, அடுத்த கேள்வி மியான்மரின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. கவசம் அணிந்த ஐரோப்பிய வீரனை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறாராம். "முகம் நன்றாக வந்துவிட்டது, கவசம் மட்டும் சிமெண்ட் பூசியது போல இருக்கிறது. வெள்ளி பெயிண்ட் கலக்கலாமா?" என்கிறார். படமும் அனுப்பியிருக்கிறார்.

வேண்டாம் தம்பி. வெள்ளி பெயிண்ட் ஜன்னல் கம்பிக்கு அடிப்பது. அதைத் தடவினால் பார்ப்பவர் நகர நகர மினுக்கமும் நகரும், நீங்கள் போட்ட நிழல் எடுபடாது.

வீட்டில் எவர்சில்வர் சொம்பு இருக்குமே, அதை ஜன்னலோரம் வைத்துப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கைலியைப் போடுங்கள். இப்போது சொம்பில் சாம்பல் நிறத்தைத் தேடுங்கள், அதிகம் கிடைக்காது. வயிற்றில் ஜன்னல் வளைந்து தெரியும், அதை ஒட்டியே கன்னங்கரேலென்று ஒரு பட்டை, கீழே கைலியின் சிவப்பு. வெளிச்சமும் இருட்டும் கத்தியால் வெட்டியது போல அடுத்தடுத்து நிற்கும். நீங்கள் கன்னத்துக்குச் செய்தது போலக் கவசத்தையும் தேய்த்துத் தேய்த்து மென்மையாக்கிவிட்டீர்கள். சிமெண்ட் வந்தது அதனால்தான். 1548-இல் இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ் படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். குதிரைமேல் கவசத்தோடு இருப்பார், மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை. கவசத்தில் வெள்ளையை எவ்வளவு சிக்கனமாக வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். முதல் பூச்சு டர்பன்டைனில் கரைத்த அம்பர் என்ற மண் பழுப்பு நிறம், மெல்லிசாக. அது சீக்கிரம் காயும். இருட்டுக்கு அம்பரோடு அல்ட்ராமரீன் நீலம் சேருங்கள். வெறும் கருப்பும் வெள்ளையும் செத்த நிறமாகத்தான் வரும். கைலிச் சிவப்பை ஆளி விதை எண்ணெயில் கரைத்து, காய்ந்த பூச்சின்மேல் கண்ணாடி போலப் படரவிடுங்கள். பூச்சுமேல் பூச்சாகப் போகப் போக எண்ணெய் அதிகமாக வேண்டும், இல்லாவிட்டால் பூச்சில் வெடிப்பு விழும். கடைசியாக வெள்ளை: கெட்டியாக எடுத்து ஒரே தொடல், அப்புறம் கை வைக்கக் கூடாது.

மழைக்காலத்தில் அவசரம் வேண்டாம். எண்ணெய் தண்ணீர் போல ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கித்தான் இறுகும். ஈரக் காற்றில் அது இன்னும் தாமதம். யாங்கோன் மழையில் நான் ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டதென்று நம்பி வெள்ளையை வைத்தேன். அடியிலிருந்த அம்பரோடு குழைந்து, தோள்பட்டை முழுக்கப் பால் காபி நிறம்.

இன்னொன்று, கரண்ட் போனதும் சார்ஜ் லைட்டைப் போட்டுக்கொண்டு வரையாதீர்கள். சொம்பில் ஜன்னல் இருந்த இடத்தில் லைட் வந்து உட்கார்ந்துகொள்ளும்.