ஸ்பார்க் வருகிறது, டார்ச் ஏன் பற்றவில்லை?

சரி, அடுத்த கேள்வியைப் படித்துவிடுகிறேன். "சிறிய திரவ எரிபொருள் ராக்கெட் எஞ்சினுக்கு ஆக்சிஜன், மீத்தேன் வாயுக்களில் ஓடும் டார்ச் இக்னைட்டர் (எஞ்சினைப் பற்றவைக்கச் சிறு சுடர் தரும் கருவி) செய்திருக்கிறோம். இரண்டு வாயுவுக்கும் 1 மி.மீ. துளை, இரண்டு ரெகுலேட்டரிலும் 10 பார் அழுத்தம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்தால் ஸ்பார்க் பளிச்சென்று அடிக்கிறது. உள்ளே வைத்து வாயுவைத் திறந்தால் பத்துக்கு இரண்டு முறைதான் பற்றுகிறது. ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலை (மின்சுருளை) இன்னும் பெரிதாகப் போடலாமா?"

வேண்டாம். காற்றில் கலந்த மீத்தேனைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆக்சிஜனில் அதைவிட மிகக் குறைவு. வண்டியில் இருக்கும் சாதாரண காயிலே அதைப் போல பல மடங்கு கொடுக்கும். பொறி போதவில்லை என்பதல்ல சிக்கல். பொறி விழும் இடத்தில் இருக்கும் கலவை எரியக்கூடியதாக இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். துளைக்கு முன்னால் இருக்கும் அழுத்தம் பின்னால் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், வாயு துளையில் ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதன்பின் எவ்வளவு வாயு போகும் என்பதை முன்பக்க அழுத்தமும் துளையின் பரப்பும்தான் தீர்மானிக்கும். அந்த அழுத்த வித்தியாசம் இருக்கும்வரை இக்னைட்டர் அறைக்குள் என்ன நடந்தாலும் ஓட்டம் மாறாது. டார்ச்சுக்கு இது பெரிய வசதி. ஆனால் ஒரே துளை, ஒரே அழுத்தம் என்று வைத்தால் ஆக்சிஜன் எடையில் மீத்தேனைப் போல 1.45 மடங்குதான் போகும். கன அளவில் பார்த்தால் கலவையில் சுமார் 58 சதவீதம் மீத்தேன். ஆக்சிஜனில் மீத்தேன் 61 சதவீதத்தைத் தாண்டினால் எரியாது! நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். ரெகுலேட்டர் கொஞ்சம் நகர்ந்தாலோ, உள்ளே கலவை ஒரு மூலையில் அடர்த்தியானாலோ அவ்வளவுதான். அந்தப் பத்துக்கு இரண்டு இப்படித்தான் வருகிறது.

ஆக்சிஜன் துளையை 1.2 மி.மீ. ஆக்குங்கள். அரை மி.மீ.கூட இல்லையே என்று நினைக்காதீர்கள், பரப்பு 1.44 மடங்காகிறது. எடையில் ஆக்சிஜன்-மீத்தேன் விகிதம் 2.1 ஆகும், மீத்தேன் 49 சதவீதத்துக்கு இறங்கும். முழுமையாக எரிய 4 வேண்டும், ஆனால் அங்கே போகாதீர்கள், இக்னைட்டரே உருகிவிடும். 2.1-லும் சுடர் எஃகை உருக்கும் சூடுதான், அதனால் ஒரு விநாடிக்கு மேல் எரியவிட வேண்டாம். மீத்தேன் அழுத்தத்தைக் குறைத்தும் இதே விகிதத்துக்கு வரலாம். ஆனால் பற்றியதும் அறை அழுத்தம் ஏறும், மீத்தேன் துளையில் ஒலிவேகம் நின்றுபோகும் அபாயம் உண்டு. எனக்குத் துளையை மாற்றுவதுதான் பிடிக்கும்.

வெளியே அடித்த ஸ்பார்க் உள்ளேயும் அதே இடத்தில் அடிக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அழுத்தம் ஏற ஏற இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். எளிய வழி வெளியே கிடைத்தால் மின்சாரம் அதிலே போய்விடும். விளக்கை அணைத்துவிட்டுப் பாதுகாப்பான தூரத்திலிருந்து கேமராவில் பாருங்கள். பீங்கானின் வெளிப்பக்கத்தில் நீலக் கோடு ஓடினால் அதுதான் கதை. இடைவெளியை 1 மி.மீ.க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

பெரிய எஞ்சின்களிலும் இந்தக் கதை உண்டு. 1968 ஏப்ரல் 4-இல் ஆளில்லாமல் ஏவப்பட்ட நாசாவின் அப்பல்லோ 6 ராக்கெட்டில் இரண்டாம் அடுக்கின் ஜே-2 எஞ்சின் ஒன்று பாதியில் நின்றது, மூன்றாம் அடுக்கின் எஞ்சின் மறுபடி பற்றவில்லை. கோளாறு ஸ்பார்க்கில் இல்லை. இக்னைட்டருக்கு ஹைட்ரஜன் கொண்டுபோன குழாயின் நெளிவுப் பகுதி அதிர்வில் உடைந்திருந்தது. தரையில் சோதித்தபோது குளிரில் அதன்மேல் காற்றே திரவமாகப் படிந்து அதிர்வை அடக்கிவிட்டது. வெற்றிடத்தில் அடக்க ஒன்றுமில்லை.

அப்புறம் வரிசை. முதலில் ஸ்பார்க், அடுத்து ஆக்சிஜன், உடனே மீத்தேன். வாயுவை நிரப்பிவிட்டு ஸ்பார்க் கொடுத்தால் அது இக்னைட்டர் இல்லை, வெடி. டார்ச் பற்றியது உறுதியாகாமல் எஞ்சினுக்குத் திரவ எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் விடும் பிரதான வால்வுகளைத் திறக்கவே கூடாது. திறந்தால் எஞ்சின் அறையில் திரவம் தேங்கி, தாமதமாகப் பற்றி, எஞ்சினே போய்விடும். ஆக்சிஜன் பாதையில் ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

டார்ச் பற்றியதை உறுதி செய்ய இக்னைட்டர் அறையில் அழுத்த சென்சார் வைப்பீர்கள். அதில்தான் ஒருமுறை நான் ஏமாந்தேன். திரையில் அழுத்தம் ஜம்மென்று ஏறியது, கேமராவில் சுடரே இல்லை. ஸ்பார்க்கின் மின் இரைச்சல் சென்சார் கம்பியில் ஏறியிருந்தது. அன்றிலிருந்து ஸ்பார்க்கை அணைத்துவிட்டு, அதன்பிறகும் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கண்ட்ரோலர் பிரதான வால்வைத் தொடும். நிற்கவில்லை என்றால் எல்லா வால்வையும் மூடி, நைட்ரஜனால் ஊதித் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து.