மீந்த கேரட் யார் கணக்கில்?

மதிப்பிற்குரிய பெரியோர்களே, கேத்தியிலிருந்தும் முத்தொரை பாலாடாவிலிருந்தும் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

சில்லறை வணிகத்தின் கொள்முதலையும் இருப்பையும் ஆராய்வதும் கற்பிப்பதும் என் தொழில். கடைகளின் சுற்றுச்சூழல் பொறுப்பு என்றதும் பலருக்கும் பிளாஸ்டிக் பைதான் நினைவுக்கு வருகிறது. அதை ஒழிப்பதில் நீலகிரி முன்னோடி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே இம்மாவட்டம் பிளாஸ்டிக் பைகளை ஒதுக்கத் தொடங்கிவிட்டது. நான் பைக்குள் இருக்கும் காயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 8 முதல் 10 விழுக்காடு உணவு இழப்பாலும் வீணடிப்பாலும் உண்டாகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை கூறுகிறது.

இங்கே பிடுங்கிக் கழுவிய கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து சமவெளிக் கடைகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெப்பத்தால் வாடுகிறது என்பதும், குளிர்பதன வசதி போதாது என்பதும் உண்மையே. ஆனால் வீணடிப்பின் பெரும்பகுதியை, காய் பறிப்பதற்கு முன்பே, கடையின் ஆர்டர் மேசை தீர்மானித்துவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு கணக்கைப் பாருங்கள். கிலோ 40 ரூபாய்க்கு வாங்கி 60 ரூபாய்க்கு விற்கும் கடைக்கு, சரக்கு தீர்ந்து ஒரு விற்பனை தவறினால் இழப்பு 20 ரூபாய். விற்காமல் மீந்து அழுகினால் இழப்பு 40 ரூபாய். மீதத்தின் இழப்பு, தவறிய விற்பனையின் இழப்பைப் போல் இரு மடங்கு. ஆகவே, மீதமாகும் ஒரு நாளுக்கு இரண்டு நாள் என, மூன்று நாளில் இரண்டு நாள் சரக்கு தீர்ந்துபோகும் அளவுக்குக் குறைத்து வாங்குவதே அக்கடைக்கு இலாபம். மீந்ததை முழு விலைக்கும் திருப்பி அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்துவிட்டால், மீதத்தால் கடைக்கு நட்டமே இல்லை. எனவே எந்த நாளும் தீராத அளவுக்கு அது ஆர்டர் போடும். தேவை கூடவில்லை, வாடிக்கையாளர் மாறவில்லை. நட்டத்தின் விலாசம் மட்டும் கடையிலிருந்து விவசாயிக்கு மாறியிருக்கிறது. மீந்த காயோடு, அதற்குப் பாய்ச்சிய நீரும் போட்ட உரமும் மலையிறங்க எரித்த டீசலும் குப்பைக்குப் போகின்றன.

எங்கள் துறை நெடுங்காலம் கடையின் செலவைக் குறைக்க மட்டுமே வழி சொன்னது. அனுப்பியவரின் நட்டத்தையும் மண்ணின் நட்டத்தையும் அதே சமன்பாட்டில் எழுதுவதுதான் இனி இத்துறைக்கு வரும் மாணவர்களின் வேலை என்று நம்புகிறேன். நட்டத்தை அனுப்பியவர் தலையில் கட்டுவதைச் சட்டத்தாலும் கட்டுப்படுத்த இயலும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் பிறப்பித்த ஆணை, விரைவில் கெடும் விளைபொருளுக்கு 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்வதைத் தடுக்கிறது. விற்காததைப் பணம் தராமல் திருப்பி அனுப்புவதற்குத் தெளிவான முன் உடன்பாடு வேண்டும் என்கிறது.

நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பெருங்கடைகளோடு பேச உட்காரும்போது, கிலோவுக்கு என்ன விலை என்பதோடு, மீந்தால் யார் ஏற்பது, எத்தனை நாள் முன்பு ஆர்டரை உறுதிசெய்வீர்கள் என்பவற்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். அந்த ஒப்பந்தங்களைப் படித்துக் கணக்குப் போட்டுத் தர, இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்கள் முன்வர வேண்டும்.