மலை இறங்கும் லோடு

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரி மலைப்பாதையில் பல வருடம் காய்கறி லோடு ஓட்டினேன். இப்போது மேட்டுப்பாளையத்தில் பிரேக் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி ஓட்டுநர்களின் பாதுகாப்பு பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்றதும் எல்லாரும் டிரைவருக்குத்தான் புத்தி சொல்வார்கள். லோடு ஏற்றி அனுப்புகிறவர்களிடமும் இன்று கொஞ்சம் பேச வேண்டும்.

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நடுவில் சுமார் 50 கிலோமீட்டர் சாலை. குன்னூருக்கும் கல்லாறுக்கும் இடையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டாவது கியரில், இன்ஜின் புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கால் பிரேக்குக்கு அதிக வேலை இருக்காது. ஆனால் நேரமாகும்.

அந்த நேரம்தான் டிரைவர் கையில் இல்லை. கேத்தி பக்கம் கேரட்டைப் பிடுங்கி, மெஷினில் கழுவி, மூட்டை பிடித்து ஏற்றுவதற்குள் ஒரு மணி, இரண்டு மணி தள்ளிப்போகும். ஆள் வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது, ஏதாவது ஒன்று. மண்டி ஏலம் அதற்காகக் காத்திருக்காது. மேலே எல்லாருமாகச் சேர்ந்து தொலைத்த நேரத்தை இறக்கத்தில் அவர் ஒருவர் மீட்டுக் கொடுக்க வேண்டும். மரப்பாலம் தாண்டுவதற்குள் போன் வந்துவிடும்: "எங்கப்பா வர்றே? ஏலம் ஆரம்பிச்சாச்சு." கூப்பிடுகிறவர் கெட்டவர் இல்லை. அன்றைய விலை போய்விடுமே என்ற பயம் அவருக்கு.

டிரைவர் மூன்றாவது கியருக்குப் போவார். டிரிப்புக்கு இவ்வளவுதான் டீசல் என்று அளந்து கொடுத்திருந்தால், மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. அப்புறம் வண்டியைப் பிடிக்க கால் பிரேக்கை விட்டால் வேறு கதி இல்லை. வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறி விரியும், அதை உள்ளேயிருந்து அழுத்தும் ஷூ எட்டிப் பிடிக்க வேண்டிய தூரம் கூடும். ஷூ மேல் இருக்கும் லைனிங் பிடிமானத்தை இழக்கும். பிரேக்கை இயக்கும் காற்றும் ஏர் டேங்கில் இறங்கும். கருகல் வாடை வரும்போது பாதி பிரேக் போயிருக்கும்.

விபத்து நடந்தால் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பட்டறையில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்திருக்கும், நூலிழை விரிசல் ஓடியிருக்கும். பல டிரிப்பாக வெந்து வெந்து வந்த டிரம் அது. அப்படி ஒன்றைக் காட்டி மாற்றச் சொன்னேன். டிரைவர் தம்பி முதலாளிக்குப் போன் போட்டார். "இந்த டிரிப் போயிட்டு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில். வண்டி எடுக்க மாட்டேன் என்றால் சாவி வேறொருவர் கைக்குப் போகும் என்று அந்தத் தம்பிக்குத் தெரியும். அன்றைக்கு நானே பேசி அரை நாள் வாங்கிக் கொடுத்தேன். எல்லா நாளும் பட்டறைக்காரன் கூடவே இருக்க முடியுமா?

கூடலூர் பக்கம் வேறு மாதிரி நெருக்கடி. கர்நாடகத்துக்குப் போகும் பந்திப்பூர் காட்டுப்பாதை இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கும். வண்டிகளில் அடிபட்டுச் செத்த விலங்குகளுக்காக 2009-இல் வந்த தடை அது, நியாயமான தடை. ஆனால் சாயங்காலம் தாமதமாக லோடு கொடுத்துவிட்டு "கேட் மூடறதுக்குள்ள போயிடு" என்று அனுப்புகிறார்களே, அதுதான் தப்பு. யானை குறுக்கே வரும் தெப்பக்காடு சாலையில் விரட்டிக்கொண்டு போகச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. ராத்திரியெல்லாம் மலையேறி வந்து, லோடு ஏறும்வரை குளிரில் கேபினில் முடங்கிக் கிடந்துவிட்டு, அப்படியே இறங்குகிறவர் எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பார்? அவர் படுக்க ஒரு அறை, ஒரு கழிப்பறை, கேரட் கழுவும் இடத்துப் பக்கத்திலேயே கட்டிக்கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

டிரைவர் தம்பிகளே, வாடை வந்தால் உடனே அகலமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். சுட்ட டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். தானாக ஆறட்டும்.

தோட்டக்காரர்களே, மண்டிக்காரர்களே, வண்டி முதலாளிகளே, லோடு தாமதமானால் அந்தத் தாமதத்தை மண்டிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். இறக்கத்தில் இருக்கும் டிரைவருக்குப் போன் போடாதீர்கள். பர்லியாறில் ஓரம் கட்டியிருக்கேன், டிரம் ஆறணும் என்று அவரே கூப்பிட்டால், சரி, ஆறட்டும் என்று சொல்லுங்கள். அதற்காக டிரிப் காசில் கை வைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.