பரங்கிமலையில் விழுந்த முதல் கோடு: கர்னல் லாம்டன் கதை

வணக்கம் மக்களே! எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கண்டுபிடித்த வேலை எங்கே ஆரம்பித்தது தெரியுமா? நேபாளத்தில் இல்லை, டேராடூனில் இல்லை. நம் சென்னையில், இதோ இந்தப் பரங்கிமலை அடிவாரத்தில். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி. ஆரம்பித்தவர் எவரெஸ்ட்டும் இல்லை. வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. சிகரத்துக்கு வைத்தது அவருக்குப் பின்னால் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர். இன்றைக்கு முன்னால் வந்தவரைப் பற்றிப் பேசலாம்.

காற்று பலமாக அடிக்கிறது. மைக்கில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாம்டன் வடக்கு யார்க்ஷயர் பக்கத்துக்காரர். வசதியில்லாத குடும்பம். கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் படிக்க வழி கிடைத்தது, அப்புறம் ராணுவம். அவருடைய ரெஜிமென்ட் 33வது காலாட்படை. அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் படையில் இவரும் இருந்தார். அங்கிருந்து கனடாவுக்கு, நியூ பிரன்ஸ்விக் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். படைவீரர் குடியிருப்பை மேற்பார்க்கிற வேலை. பல வருஷம் அதிலேயே கிடந்தார். பதவி உயர்வு கிடையாது, போர் கிடையாது. மனிதர் என்ன செய்தார் என்றால், உட்கார்ந்து கணிதமும் வானியலும் படித்தார். சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போய் ஒரு கண்ணையும் பழுதாக்கிக்கொண்டார். பிற்காலத்தில் உலகமே மெச்சிய கோணங்களையெல்லாம் அளந்த மனிதருக்கு ஒழுங்காகத் தெரிந்தது ஒரு கண்தான்.

அந்த 33வது ரெஜிமென்ட்டுக்குத் தலைவராக வந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. ஆமாம், பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த அதே வெலிங்டன். அந்தப் படையோடு கல்கத்தா வந்து, அங்கிருந்து 1798ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார் லாம்டன். அடுத்த வருஷம் திப்பு சுல்தான் மீது படையெடுப்பு. ஜெனரல் பெயர்டுக்கு உதவி அதிகாரியாக லாம்டன் போனார்.

அந்தப் போரில் ஒரு சம்பவம். இரவு நேரம், பெயர்டின் படை தோப்பு ஒன்றைச் சோதித்துவிட்டு முகாமுக்குத் திரும்புகிறது. லாம்டன் வானத்தைப் பார்க்கிறார். நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. "நாம் தெற்கே போகவில்லை, வடக்கே திப்புவின் படையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம்" என்று பெயர்டிடம் சொல்கிறார். பெயர்டுக்குக் கோபம், எனக்கு வழி தெரியாதா என்று. பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தால் லாம்டன் சொன்னதுதான் சரி. படை திரும்பியது. 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார்.

இதை மறைத்துவிட்டு "மாபெரும் விஞ்ஞானி" என்று மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. திப்பு விழாமல் இருந்திருந்தால் இந்த சர்வேயே நடந்திருக்காது. சென்னைக் கடற்கரையிலிருந்து மலபார் கரைவரை நடுவில் தடையில்லாமல் நிலம் கைக்கு வந்தது, அதை அளக்கலாம் என்று லாம்டன் யோசனை கொடுத்தார். வெல்லெஸ்லி சிபாரிசு செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது வரி போடவும் படை நடத்தவும் வரைபடம். லாம்டனுக்கு உள்ளுக்குள் இருந்த ஆசை வேறு. பூமி சரியான உருண்டையா, துருவத்தில் தட்டையா, எவ்வளவு தட்டை என்று பார்க்க வேண்டும். கம்பெனிக்குப் படம், தனக்குப் பூமி. ஒரே செலவில் இரண்டையும் சாதித்துக்கொண்டார்.

ஒரு நிமிஷம், விமானம் இறங்குகிறது. ...சரி, போய்விட்டது.

இப்போது கேமராவைத் தெற்கே திருப்புகிறேன். அங்கே தூரத்தில், கட்டடங்களுக்கு அப்பால், பெரும்பாக்கம் பக்கம். இங்கிருந்து அதுவரை ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். அதுதான் அவர் அளந்த முதல் கோடு, அடிக்கோடு என்பார்கள். இன்றைக்கு அந்தக் கோட்டில் நடந்தால் ஏறக்குறைய நங்கநல்லூர், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று போகும். அன்றைக்கு வெட்டவெளி.

அளந்தது ஒரு எஃகுச் சங்கிலியால். நீளம் 100 அடி, 40 கண்ணிகள். இந்தச் சங்கிலியின் கதையே தனி. இங்கிலாந்திலிருந்து மெக்கார்ட்னி பிரபு தலைமையில் சீனச் சக்கரவர்த்தியிடம் தூது போனார்களே, அப்போது பரிசாகக் கொண்டுபோனது. சக்கரவர்த்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூடப் போயிருந்த டின்விடி என்ற அறிஞர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்தது. சீனா வேண்டாம் என்ற சங்கிலி, மடிப்பாக்கம் வயலில் கிடந்தது!

100 அடிச் சங்கிலியை 400 தடவை போட வேண்டும். சும்மா தரையில் இழுத்துப் போடவில்லை. முக்காலிகள் நட்டு, அவற்றின்மேல் மரத் தொட்டிகளை மட்டமாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்தார்கள். வெப்பமானி எதற்கு? மாதம் ஏப்ரல், மே. சென்னை வெயில் உங்களுக்குத் தெரியும். எஃகு சூட்டில் நீளும். இந்த 100 அடிச் சங்கிலி, ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்குக்குக் கொஞ்சம் மேல் நீளும். அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 0.15 அங்குலம். 400 தடவைக்கு 60 அங்குலம், அதாவது ஐந்து அடி! அதனால் ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்து, கணக்கில் கழித்து, இன்னொரு சங்கிலியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து... மே மாதக் கடைசியில்தான் வேலை முடிந்தது. இதையெல்லாம் வெயிலில் நின்று செய்தவர்கள் லஸ்கர்கள் என்ற முகாம் வேலையாட்களும் கூலியாட்களும். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் முன்னுக்கு வரவில்லை.

ஒரு கோடு மட்டும் இருந்தால் என்ன பயன்? பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது. இப்படியே நாடு முழுக்கச் சங்கிலியே போடாமல் போய்க்கொண்டிருக்கலாம், கோணம் மட்டும் சரியாக இருந்தால்.

கோணம் அளக்கத்தான் தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை அரை டன், அதிலுள்ள பெரிய வட்டத்தின் குறுக்களவு மூன்று அடி. கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் கப்பலையே பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள், இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் வாழ்த்தோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். அந்தக் காலத்துப் பகையில் இப்படியும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது.

சென்னையிலிருந்து மங்களூர்வரை முக்கோணம் போட்டு முடித்தபோது ஒரு குட்டு உடைந்தது. தீபகற்பத்தின் அகலம் அங்கே 400 மைல் என்று பழைய படங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. லாம்டன் கணக்கில் 360. நாற்பது மைல் நிலம் காணோம்! கம்பெனி அதிகாரிகளுக்கு இது பிடிக்குமா? செலவுக் கணக்குப் பார்க்கிற குழுவில் ஒருவர் நக்கலாகவே கேட்டார்: ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டும் என்றால் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதுமே, அவன் கொண்டுபோய் விடுவான், இதற்கு எதற்கு லாம்டன் படம் என்று. கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை, ஊருக்குப் போகிறவனுக்குப் பல்லக்குத் தூக்கி போதும்.

அவர்களுக்கு நல்ல பதில் பெங்களூரில் கிடைத்தது. 1804ல் அங்கே இரண்டாவது அடிக்கோடு, ஏழு மைலுக்குக் கொஞ்சம் மேல். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளம் ஒன்று, தரையில் சங்கிலி போட்டு அளந்த நீளம் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் நாலு அங்குலம்கூட இல்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் எத்தனை மலை, எத்தனை காடு! எனக்கு லாம்டன் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த இடம் தஞ்சாவூர், 1808. டெல்டாவில் மலை ஏது? கண்ணுக்கு எட்டிய தூரம் தென்னந்தோப்பு. பார்வை மறைகிறது. உயரமாக இருப்பது கோயில்கள் மட்டும்தான். ஆகவே அரை டன் கருவியைக் கயிறு கட்டிக் கோயில் மேலே ஏற்றினார்கள். ஏற்றும்போது சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடித்திருந்த பக்கக் கயிறு அறுந்துவிட்டது. பெட்டியோடு கருவி ஆடிப்போய்ச் சுவரில் மோதியது. உள்ளே கோணம் அளக்கும் வட்டம் நெளிந்துபோனது. வட்டம் வட்டமாக இல்லையென்றால் தியோடலைட் வெறும் பித்தளைக் குப்பை.

வேறு யாராவது இருந்தால் லண்டனுக்கு எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். புதிது வர வருஷங்கள் ஆகும். லாம்டன் கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். நம்பிக்கையான கைவினைஞர்கள் சிலரைத் தவிர யாரையும் கிட்டே விடவில்லை. சரியான அளவில் ஒரு வட்டம் வரைந்து, அதன்மேல் நெளிந்த வட்டத்தை வைத்து, ஆப்பு, திருகு, கப்பி என்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனது. ஒடுங்கின சைக்கிள் வீலைக் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி வேலைதான், ஆனால் இங்கே தலைமுடி அளவு பிசகினாலும் நாடே இடம் மாறிவிடும். அதே கருவியோடு அடுத்த வருஷம் திருநெல்வேலியில் அடிக்கோடு போட்டு, கன்னியாகுமரிவரை முடித்தார். இன்றைக்கு அந்தத் தியோடலைட் டேராடூனில், சர்வே ஆஃப் இந்தியாவிடம் இருக்கிறது.

தெற்கு முடிந்ததும் வடக்கே திரும்பினார். ஆந்திரத்தில் குத்தி, கர்நாடகத்தில் பீதர் என்று ஏறிக்கொண்டே போனார். 1818ல் இந்த வேலை சென்னை அரசிடமிருந்து கல்கத்தாவுக்கு மாறியது, மகா முக்கோணவியல் அளவை என்று பெயரும் வந்தது. உதவிக்கு வந்து சேர்ந்த இளைஞர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். அவருக்கு லாம்டனின் நிர்வாகம் பிடிக்கவில்லை. ஆட்களைக் கட்டி மேய்க்கத் தெரியாதவர் என்று நினைத்தார். ஆனால் கிழவர் தியோடலைட் பக்கத்தில் போய் நின்றால் ஆளே மாறிவிடுவார் என்று அவரே எழுதியிருக்கிறார்.

லாம்டன் முகாமில் குடும்பமும் கூடவே இருந்தது. இங்கேயே வாழ்ந்து, இங்கேயே குழந்தைகள் பெற்று, இங்கிலாந்துக்குத் திரும்பாமலேயே இருந்துவிட்டார். அவருடைய வலது கை ஜோஷுவா டி பென்னிங். சென்னை சர்வே பள்ளியில் படித்த பையன். 1794ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. கிண்டியில் படிக்கிறவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

நாக்பூர் போகிற வழியில், மகாராஷ்டிரத்தில் ஹிங்கண்காட் என்ற ஊரில், 1823 ஜனவரி 20ல் லாம்டன் இறந்தார். வயது ஏறக்குறைய 70. கடைசிவரை வேலையில்தான் இருந்தார். சுமார் 1,65,000 சதுர மைல் அவர் கணக்குக்குள் வந்திருந்தது. எவரெஸ்ட் அந்தக் கோட்டை இமயமலை அடிவாரம்வரை இழுத்தார். மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டர். எவரெஸ்ட் ஓய்வுபெற்ற பிறகு, ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி கணக்காளர் பதினைந்தாம் எண் சிகரத்தின் கணக்கைப் போட்டார். 1865ல் அதற்கு எவரெஸ்ட் பெயர். சிக்தாருக்கும் இல்லை, லாம்டனுக்கும் இல்லை. எவரெஸ்ட்டே இந்தப் பெயர் வேண்டாம் என்றுதான் சொன்னார், கேட்கவில்லை.

முடிப்பதற்கு முன் ஒருவரைச் சொல்ல வேண்டும். பெங்களூர் அடிக்கோட்டை அளந்த ஜான் வாரன். லாம்டனின் அதே ரெஜிமென்ட், பிறப்பால் பிரெஞ்சுக்காரர். கோலார் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று 1802ல் அறிக்கை கொடுத்தவரும் இவர்தான். பிற்காலத்தில் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி, வாய்பாட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, 1825ல் வந்த சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நாலு நிமிஷம், முடியும் நேரத்தில்தான் கொஞ்சம் அதிகம். எழுத்து கிடையாது, கருவி கிடையாது. நாலு அங்குலம் பிசகாமல் அளந்த வாரன் அதைப் பார்த்து அசந்துபோய், நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார். அந்தச் சோழிக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அடுத்த வீடியோ. ஒரு கைப்பிடி சோழி வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறேன், வணக்கம்.